ரியோவில் ஏற்ற உடன்பாடும் அதன் பிறகான மௌனமும்: ஜி-20 நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிதியமைச்சர்களுக்கும் மத்திய வங்கி ஆளுநர்களுக்கும்,

வணக்கம்.

2024 ஜூலையில் ரியோ டி ஜெனிரோவில் நீங்கள் கூடியபோது, பன்னாட்டு வரி ஒத்துழைப்பு என்ற ஒரே பொருளுக்காகத் தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டீர்கள். அதே ஆண்டு நவம்பரில் உங்கள் நாட்டுத் தலைவர்களும் அதே நகரில் கூடினார்கள். ஒவ்வொரு நாட்டின் வரி இறையாண்மையையும் முழுமையாக மதித்து, மிகப் பெரும் செல்வந்தர்கள் உரிய அளவில் வரி செலுத்துவதை உறுதிசெய்ய ஒத்துழைப்போம் என்ற உடன்பாட்டை ஏற்றார்கள். அதன்பின் உங்கள் அமைப்பின் தலைமைப் பொறுப்பு பிரேசிலிடமிருந்து தென்னாப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து அமெரிக்காவுக்கும் கைமாறிவிட்டது. உடன்பாடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது ஏன் அங்கேயே நிற்கிறது என்பதற்கு உங்கள் அமைச்சகங்கள் சொல்லிவரும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

வருமான வரிக் கணக்குகளைத் தயாரிப்பதும் சரிபார்ப்பதும் என் தொழில். சம்பளம் வாங்குகிறவரின் கணக்கில் எனக்கு அதிக வேலை இருப்பதில்லை. அவர் கைக்குப் பணம் வருமுன்பே வரி பிடிக்கப்பட்டுவிடுகிறது, பிடித்த தொகை அரசின் கணினியில் ஏறிவிடுகிறது, மிஞ்சுவது சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான். பெரும் செல்வந்தரின் கணக்கு வேறு வகை. அங்கே வருமானம் என்ற கட்டத்தில் எதுவும் வந்து விழாமல் பார்த்துக்கொள்வதே முழுநேர வேலை. அதைச் செய்வதற்கென்று திறமையான ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்வதில் பெரும்பாலானவை சட்டத்துக்கு உட்பட்டவையே. ஆகவே இதை வரி ஏய்ப்புப் புகாராக நீங்கள் படிக்க வேண்டாம். சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே அது வேலை செய்கிறது என்பதுதான் என் குறை.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் தாம் தொடங்கிய நிறுவனத்தின் பங்குகள் 1,000 கோடி டாலர் மதிப்பில் இருக்கின்றன. ஓராண்டில் பங்கு விலை 8 விழுக்காடு ஏறுகிறது. அவருடைய செல்வம் 80 கோடி டாலர் கூடுகிறது. நிறுவனம் ஈவுத்தொகை அறிவிப்பதில்லை. அறிவித்தாலும் அது அவருக்கு நேரே வராமல், அவருக்குச் சொந்தமான ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கணக்கில் போய்ச் சேரும். சம்பளமாக அவர் பெயரளவுக்கு ஒரு தொகையை வாங்குகிறார். வாழ்க்கைச் செலவுக்கு, பங்குகளில் ஒரு சிறு பகுதியை வங்கியில் அடமானம் வைத்து 10 கோடி டாலர் கடன் எடுக்கிறார். கடன் வருமானமல்ல என்பதால் அதற்கு வரி இல்லை. பங்கு விற்கப்படவில்லை என்பதால் மூலதன ஆதாய வரியும் இல்லை. கடனுக்கான வட்டியைக் காட்டிலும் பங்கின் வளர்ச்சி கூடுதலாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் ஓடும். அமெரிக்காவில் இதற்கு ஒரு முடிவுரையும் உண்டு: உரிமையாளர் இறக்கும்போது பங்கின் கொள்முதல் விலை அன்றைய சந்தை விலைக்கு உயர்த்தி எழுதப்படுகிறது, வாழ்நாள் முழுக்கச் சேர்ந்த ஆதாயம் வருமான வரியின் கண்ணில் படாமலே மறைந்துவிடுகிறது. எல்லையைத் தாண்டினால் கனடாவில், 1972 முதல், இறந்தவர் தம் சொத்தைச் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகக் கருதி அந்த ஆதாயத்துக்கு வரி கணக்கிடுகிறார்கள். விற்றால்தான் ஆதாயம் என்பது ஓர் இயற்கை விதி என்பதுபோல் பேசப்படும்போதெல்லாம் எனக்கு இந்த இரு நாடுகளின் எல்லை நினைவுக்கு வருகிறது.

இந்தக் கற்பனைக் கணக்கு உலக நடப்பிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. அமெரிக்காவின் 25 பெரும் செல்வந்தர்களின் வரிப் பதிவுகளை 2021-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. 2014 முதல் 2018 வரை அவர்களின் செல்வம் 40,100 கோடி டாலர் கூடியிருந்தது. அதே காலத்தில் அவர்கள் கட்டிய கூட்டாட்சி வருமான வரி 1,360 கோடி டாலர், அதாவது கூடிய செல்வத்தில் 3.4 விழுக்காடு. பிரான்ஸில் 2016-ம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது, ஏனெனில் அது பங்குதாரரின் சார்பாக அவருடைய நிறுவனம் கட்டும் வரியையும் சேர்த்தே கணக்கிட்டது. அப்படிக் கணக்கிட்டும், உச்சியில் உள்ள 0.1 விழுக்காட்டினரிடம் 46 விழுக்காடாக இருந்த வரி விகிதம், மேலே மேலே போகப்போக இறங்கி, முதல் 75 குடும்பங்களிடம் 26 விழுக்காடாக நின்றது. உயர உயர விகிதமும் உயரும் என்பதுதான் உங்கள் நாடுகளின் வருமான வரிச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அந்த அடிப்படை கடைசிப் படியில் தலைகீழாகிறது.

பிரேசில் கேட்டுக்கொண்டதற்கிணங்க பொருளியல் அறிஞர் காப்ரியேல் சுக்மான் 2024-ல் உங்கள் முன் வைத்த திட்டம் இந்தக் கடைசிப் படியை மட்டுமே குறிவைத்தது. 100 கோடி டாலருக்கு மேல் செல்வமுள்ளவர்கள், உலகம் முழுக்க ஏறத்தாழ 3,000 பேர், தாங்கள் கட்டும் எல்லா வருமான வரிகளையும் சேர்த்து ஆண்டுதோறும் தங்கள் செல்வத்தில் 2 விழுக்காட்டுக்குக் குறையாமல் கட்ட வேண்டும்; ஏற்கெனவே அவ்வளவு கட்டுகிறவர் ஒரு காசும் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. இதனால் ஆண்டுக்கு 20,000 கோடி முதல் 25,000 கோடி டாலர் வரை கிடைக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. மேலே சொன்ன கற்பனை மனிதர் இதன்படி 20 கோடி டாலர் கட்டுவார். கட்டிய பிறகும் அந்த ஆண்டில் அவருடைய செல்வம் 60 கோடி டாலர் கூடியிருக்கும். இதைப் பறிமுதல் என்று அழைக்கிறவர்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை செய்துபார்க்கலாம்.

உங்கள் அமைச்சகங்கள் முதலில் சொல்லும் பதில், செல்வ வரி ஏற்கெனவே முயன்று தோற்ற ஒன்று என்பது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளில் 1990-ல் 12 நாடுகள் இவ்வரியை வசூலித்தன. 2017-ல் மீந்தவை நான்கே. எண்ணிக்கை உண்மைதான். ஆனால் தோற்றவை எப்படி அமைக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரான்ஸின் பழைய செல்வ வரி 13 லட்சம் யூரோவைத் தாண்டியவர்கள்மீது விழுந்தது, அதாவது தலைநகரில் நல்ல இடத்தில் வீடு வைத்திருந்த ஓய்வுபெற்றவர்மீதும் விழுந்தது; ஆனால் தாமே நிர்வகிக்கும் தொழிலில் இருக்கும் பங்குகளுக்கு அதில் விலக்கு உண்டு, நாட்டின் ஆகப்பெரும் செல்வங்கள் அந்தப் பங்குகளாகத்தான் இருந்தன. இந்தியாவில் 1957-ல், பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டரின் பரிந்துரையை ஒட்டிச் செல்வ வரி வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது நகை, கார், கூடுதல் வீடு, நகர்ப்புறக் காலிமனை போன்றவற்றை மட்டும் கணக்கில் எடுத்து, பங்குகளை முற்றிலும் விட்டுவிட்டது. பெட்டகத்தில் இருக்கும் நகைக்கு வரி, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தில் பாதிக்கு உரிமையாளராக இருப்பவரின் பங்குக்கு வரி இல்லை! 2015 நிதிநிலை அறிக்கையில் அவ்வரியை நீக்கியபோது, 2013-14-ல் 1,008 கோடி ரூபாய்தான் வசூலானது என்று காரணம் காட்டப்பட்டது. ஓட்டையைத் தாமே போட்டுவிட்டுப் பாத்திரத்தில் நீர் நிற்கவில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. கீழே பரவலாகவும் மேலே விலக்குகளுடனும் அமைந்த ஒரு வரி தோற்றதிலிருந்து, கீழே எவரையும் தொடாமல் மேலே விலக்கே இல்லாமல் அமையும் வரியும் தோற்கும் என்ற முடிவு எப்படி வருகிறது?

இரண்டாவது பதில், சொத்துகளை மதிப்பிட முடியாது என்பது. இதற்கு எப்போதும் ஜெர்மனியை எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் 1995-ல் செல்வ வரியைக் குறைகண்டது; 1997 முதல் அது வசூலிக்கப்படவில்லை. நீதிமன்றம் கண்ட குறை என்ன? பங்குகளும் வங்கி இருப்பும் அன்றைய மதிப்பில் கணக்கிடப்பட, நிலமும் கட்டடமும் 1964-ம் ஆண்டு மதிப்பில் கணக்கிடப்பட்டன; ஒரே அளவு செல்வமுள்ள இருவருக்கு இருவேறு வரி விழுந்தது; இது சமத்துவத்துக்கு முரண் என்றார்கள் நீதிபதிகள். மதிப்பீட்டைப் புதுப்பித்திருந்தால் முடிந்திருக்கும். அன்றைய அரசு வரியையே கைவிட்டது. பிற்காலத்தில் அதே நாடு, சாதாரண வீட்டுக்காரர்களும் கட்டும் நில வரியைச் சீரமைக்க வேண்டி வந்தபோது, 2022 ஜனவரி 1-ஐ மதிப்பீட்டு நாளாக வைத்து ஏறத்தாழ 3.6 கோடி மனை, கட்டடங்களுக்கும் புதிய மதிப்பைக் கணக்கிட்டது. கோடிக்கணக்கான வீடுகளை மதிப்பிட முடிந்த வரித்துறையால், சில நூறு பேரின் பெரும் சொத்துகளை மதிப்பிட முடியாதா? அந்தச் சொத்துகளில் பெரும்பகுதி நாள்தோறும் விலை குறிக்கப்படும் பங்குகள். பட்டியலிடாத நிறுவனங்களின் மதிப்பைக் கணிப்பது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை, அது என் தொழிலிலேயே தகராறுக்குப் பேர்போன பகுதி. ஆனால் அதே நிறுவனத்தின் பங்கை அடமானம் பிடிக்க வங்கி ஒரு மதிப்பை ஏற்கிறது. புதிய முதலீட்டாளர் உள்ளே வரும்போது ஒரு மதிப்பை ஏற்கிறார். மணமுறிவு வழக்கில் நீதிமன்றமும் ஒரு மதிப்பை ஏற்கிறது. வரி என்றதும் மட்டும் அது அளவிட முடியாததாகிவிடுகிறது.

கையில் ரொக்கம் இல்லாமல் வரி எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கும் ஜெர்மனியிலேயே விடை கிடைக்கிறது. போருக்குப் பின், குண்டுவீச்சில் எல்லாம் இழந்தவர்களுக்கும் கிழக்கிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கும் ஈடுகொடுக்க, மேற்கு ஜெர்மனி 1952-ல் சுமைச் சமன்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. 1948 நாணயச் சீர்திருத்தத்தின்போது ஒருவரிடம் இருந்த சொத்து மதிப்பில் பாதியை அவர் தர வேண்டும் என்றது அச்சட்டம். பாதி என்பது கேட்பவரைத் திடுக்கிட வைக்கும் அளவுதான். அதைக் கட்டும் முறைதான் கவனிக்கத்தக்கது: முப்பது ஆண்டுகளுக்குப் பரப்பி, மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக, 1979 வரை கட்டினார்கள். ஆலையை விற்க வேண்டியதில்லை, நிலத்தைக் கூறுபோட வேண்டியதில்லை. ஆலை ஈட்டியதிலிருந்தே தவணை போனது. அந்நாட்டின் பொருளாதாரம் வியக்கத்தக்க வேகத்தில் வளர்ந்த ஆண்டுகளும் அவையே. வரியால்தான் வளர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை. வரி இருந்தும் வளர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்றைக்குத் தவணைகூட வேண்டாம் என்பவருக்குப் பங்குகளாகவே செலுத்தும் வசதியைத் தரலாம்.

உண்மையிலேயே கனமான மறுப்பு மூன்றாவதுதான்: அவர்கள் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள். போகிறார்கள். நார்வே 2022-ல் செல்வ வரியின் மேல் விகிதத்தை 1.1 விழுக்காடாக உயர்த்தியபின், அந்நாட்டின் பெயர்பெற்ற செல்வந்தர்கள் பலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்குமுன் நார்வேயின் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைச் சொன்னால்தான் அது புரியும்: வெளியேறும்போது பங்குகளின் ஆதாயத்துக்கு வரி கணக்கிடப்படும், ஆனால் ஐந்தாண்டு வெளிநாட்டில் தங்கிவிட்டால் அந்தக் கடன் தானே அழிந்துவிடும். வெளியேறுவதற்கு இதைவிடச் சிறந்த ஊக்கத்தொகை வேறென்ன வேண்டும்? நார்வே அதே ஆண்டில் அந்தப் பிரிவை நீக்கியது. இந்த அனுபவமும் புதிதல்ல. பல்பொருள் அங்காடி அதிபர் ஹெல்முட் ஹோர்டன் 1968-ல் மேற்கு ஜெர்மனியிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் குடிபோய், அங்கிருந்தபடி தம் நிறுவனப் பங்குகளை விற்று, ஏறத்தாழ வரியே இல்லாமல் பெருந்தொகை பெற்றார். 1972-ல் ஜெர்மனி, வெளியேறுகிறவர் தம் பங்குகளை விற்றுவிட்டதாகவே கருதி வரி விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்றும் மக்கள் அதை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அமெரிக்கா இதையும் தாண்டி, தன் குடிமக்கள் உலகில் எங்கு வாழ்ந்தாலும் அவர்களிடம் வரி கேட்கிறது. 2008 முதல், குடியுரிமையைத் துறக்கும் செல்வந்தரின் சொத்துகளை விற்கப்பட்டவையாகக் கருதிக் கணக்கு முடிக்கிறது. ஆளை நிறுத்த எந்த நாட்டாலும் முடியாது, நிறுத்தவும் கூடாது. அந்த மண்ணின் சாலைகளையும் நீதிமன்றங்களையும் படித்த தொழிலாளர்களையும் வைத்து உருவான ஆதாயம் ஆளோடு சேர்ந்து போக வேண்டுமா என்பதைச் சட்டத்தால் முடிவுசெய்ய முடியும், முடிவுசெய்தும் இருக்கிறார்கள்.

ஒரு நாடு தனித்துச் செய்யும்போது இதில் ஓரளவு கசிவு இருக்கும். அதனால்தான் இந்த மடல் ஏதேனும் ஒரு நிதியமைச்சருக்கு எழுதப்படாமல் உங்கள் அனைவருக்கும் சேர்த்து எழுதப்படுகிறது. வங்கி இரகசியம் அசைக்க முடியாதது என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 2017 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள், அயல்நாட்டவரின் கணக்கு விவரங்களைத் தாமாகவே ஒன்றுக்கொன்று அனுப்பிவைக்கத் தொடங்கின. 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாயுள்ள நிறுவனங்களுக்கு 15 விழுக்காடு குறைந்தபட்ச வரி என்பதும் நடக்காது என்றார்கள். 2021 அக்டோபரில் 130-க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த உடன்பாட்டின் சிறப்பே, ஒரு நாடு வசூலிக்காமல் விட்டதை மற்றொரு நாடு வசூலிக்கலாம் என்ற விதிதான். 2025 ஜூனில் ஜி-7 நாடுகள், அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்களுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு தர இசைந்ததையும் நான் மறக்கவில்லை. வலியவர் கேட்டால் விதி வளையும் என்பதற்கு அது ஒரு கசப்பான சான்று. இருந்தும், விதி என்று ஒன்று இருந்ததால்தானே விலக்குக் கேட்க நேர்ந்தது.

இவ்வளவு தூரம் வந்தபின், மிஞ்சுவது அரசியல். அதை ஒளிக்காமல் பேசுவோம். 20,000 கோடி டாலர் என்பது உங்கள் நாடுகளின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகை. அதனால் எந்த நாட்டின் கடனும் தீர்ந்துவிடாது, அரசுகள் வீண்செலவை நிறுத்திவிடப் போவதுமில்லை. செல்வ வரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் தரப்பில் சிலர் பேசுவது எனக்கு உடன்பாடானதல்ல. இந்த வரி தேவைப்படுவதற்கு வருவாயைக் காட்டிலும் வலுவான காரணம் இருக்கிறது. 2000 முதல் 2024 வரை உலகில் புதிதாகச் சேர்ந்த செல்வத்தில் 41 விழுக்காடு உச்சியில் உள்ள 1 விழுக்காட்டினருக்குப் போனது, கீழ்ப்பாதி மக்களுக்குக் கிடைத்தது 1 விழுக்காடு என்று, பொருளியல் அறிஞர் ஜோசப் ஸ்டிக்ளிட்ஸ் தலைமையில் உங்கள் அமைப்பின் தென்னாப்பிரிக்கத் தலைமையே அமைத்த குழு 2025 நவம்பரில் அறிக்கை தந்தது. அப்படிக் குவிந்த செல்வம் முதலீடாக மட்டும் நிற்பதில்லை. 2024 அமெரிக்கத் தேர்தலில் ஈலான் மஸ்க் என்ற தனிமனிதர் ஒருவர் 25 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவிட்டது தேர்தல் ஆணையத்தில் பதிவான கணக்கு. செய்தித்தாளை வாங்குவது, சமூக ஊடகத்தையே விலைக்கு வாங்குவது, ஆய்வு நிறுவனத்துக்கு நிதியளிப்பது என்று அது வேறு வழிகளிலும் இறங்குகிறது. வரி விதிக்க வேண்டியவர்களைத் தேர்ந்தெடுப்பதில் வரி செலுத்த வேண்டியவர்களின் கை ஓங்கியபின், உங்கள் நாடாளுமன்றங்களில் நடக்கும் விவாதத்துக்கு என்ன மதிப்பு?

1909-ல் பிரிட்டனில் அன்றைய நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த நிதிநிலை அறிக்கை, பெரும் வருமானத்துக்குக் கூடுதல் வரியும் நில மதிப்பு உயர்வுக்கு வரியும் கேட்டது. நிலக்கிழார்கள் நிறைந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்த ஆண்டில் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன; 1911-ல் பண மசோதாவைத் தடுக்கும் அதிகாரமே அச்சபையிடமிருந்து பறிக்கப்பட்டது. அன்று தடை ஒரு சபையாக, கண்ணுக்குத் தெரியும் கட்டடமாக நின்றது. இன்று அப்படி ஒரு முகவரி இல்லை. பிரான்ஸில் 10 கோடி யூரோவுக்கு மேற்பட்ட செல்வத்துக்கு 2 விழுக்காடு குறைந்தபட்ச வரி என்ற மசோதாவை 2025 பிப்ரவரியில் தேசிய சபை நிறைவேற்றியது, ஜூனில் செனட் நிராகரித்தது, அக்டோபரில் மீண்டும் வந்தபோது தேசிய சபையே நிராகரித்தது. சுவிட்சர்லாந்தில் 5 கோடி பிராங்குக்கு மேற்பட்ட வாரிசுச் சொத்துக்கு 50 விழுக்காடு வரி என்ற முன்மொழிவை, அதே ஆண்டு நவம்பரில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் மறுத்தார்கள். பிந்தையது மக்கள் நேரடியாகச் சொன்ன தீர்ப்பு. அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த வாக்கெடுப்பில் முன்னே நின்ற அச்சம், செல்வந்தர்கள் பக்கத்து நாட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதுதான். அந்த அச்சத்தைப் போக்கும் அதிகாரம் சுவிட்சர்லாந்து வாக்காளரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பவை சில. ஐக்கிய நாடுகள் அவையில் பன்னாட்டு வரி ஒத்துழைப்பு உடன்படிக்கைக்கான பேச்சுகள் 2027 வரை நடக்கவிருக்கின்றன. பெரும் செல்வந்தர்கள்மீதான வரி அதன் பொருள்களில் ஒன்றாக ஏற்கப்பட்டிருக்கிறது. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா அதிலிருந்து வெளியேறியது, மற்றவர்கள் வெளியேற ஒரு காரணமாகக் கூடாது. விருப்பமுள்ள நாடுகள் முதலில் தமக்குள் ஒரு குறைந்தபட்ச விகிதத்தையும், வெளியேறுவோருக்கான பொது விதியையும் ஏற்றுக்கொண்டு தொடங்கலாம். அறக்கட்டளைகளுக்கும் பெயர்ப்பலகை நிறுவனங்களுக்கும் பின்னால் நிற்கும் உண்மை உரிமையாளர் யார் என்ற பதிவேடு ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும். நிறுவனப் பங்குகளோடு நிலமும் கலைப்பொருளும் அதில் ஏற வேண்டும், வரித்துறைகள் அதை ஒன்றுக்கொன்று பார்க்க முடிய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். காலம் பிடிக்காத ஒன்றும் உண்டு. உங்கள் நாட்டில் 10 கோடி டாலருக்கு மேல், 100 கோடி டாலருக்கு மேல் செல்வமுள்ளவர்கள் எத்தனை பேர், கடந்த நிதியாண்டில் அவர்கள் எல்லா வரிகளுமாகச் சேர்த்துக் கட்டியது அவர்களுடைய செல்வத்தில் எத்தனை விழுக்காடு, அதே ஆண்டில் சம்பளம் வாங்குவோர் தம் வருமானத்தில் கட்டியது எத்தனை விழுக்காடு என்ற ஓர் அட்டவணையை, எவர் பெயரும் இல்லாமல், ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையோடு இணைத்து வெளியிடுங்கள். முதல் ஆண்டில் அது தோராயமாக இருந்தாலும் போதும். அதற்குப் புதிய சட்டமோ, பன்னாட்டு உடன்படிக்கையோ, நாடாளுமன்ற வாக்கெடுப்போ வேண்டியதில்லை. வரித்துறைக்கு நீங்கள் அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
வரிக் கணக்குகளோடு பிழைப்பு நடத்தும் ஒரு குடிமகன்